முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள்

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆசிரியர்கள் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணியிடத்தில் மேலதிகாரியோடும் சக ஆசிரியர்களோடும் வரும் சிக்கல்களை எப்படிக் கையாள்வது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கற்பித்தல் முறைகள், கற்றல் விளைவுகள், தேர்ச்சிப் பகுப்பாய்வு என்று எத்தனையோ தலைப்புகளில் நாம் கூடியிருக்கிறோம். இந்தத் தலைப்பில் கூடியது குறைவு. ஆனால், நாம் அதிகம் பேசுவது இதைத்தான். மாலையில் இராஜபாளையத்தில் பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் இரண்டு ஆசிரியர்கள் என்ன பேசுவார்கள் என்று நடத்துநரைக் கேட்டால் அவரே சொல்லிவிடுவார். "எங்க ஹெச்.எம். இன்னைக்கு என்ன பண்ணுனார் தெரியுமா?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

பேசுவதில் தவறில்லை. பேசினால் மனப்பாரம் குறையும். ஆனால், பேருந்தில் முழுமையாகச் சொல்லும் குறையைத் தலைமையாசிரியர் அறையில் ஒரு வரி கூடச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது வீட்டுக்குப் போகிறது; மறுநாள் வகுப்பறைக்கும் வருகிறது. காலை ஒன்பதரைக்கு அலுவலக அறையில் வாங்கிய பேச்சு, பத்து மணிக்கு மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையின் மேல் இறங்குகிறது. வீட்டுப்பாடம் எழுதாத அந்தப் பிள்ளைக்கு, தனக்கு ஏன் இவ்வளவு திட்டு விழுந்தது என்று கடைசிவரை தெரியாது. இந்தத் தலைப்பைப் பற்றி நாம் பேசியே ஆக வேண்டும் என்பதற்கு எனக்கு அந்தப் பிள்ளைதான் காரணம். நம் மன நிம்மதி இரண்டாவது காரணம்.

தேரும் கட்டையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தேரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்க ஊரே திரளும். எல்லோர் கண்ணும் தேரின் மேல் இருக்கும். சக்கரத்தின் அருகே கையில் கட்டையோடு நடந்து வரும் சிலரைப் பலர் கவனிப்பதில்லை. தேர் ஓரமாகச் சாய்ந்து போனாலும், வீதி முனையில் திரும்ப வேண்டி வந்தாலும், வேகம் கூடினாலும் அவர்கள்தான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள்.

'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் நம் பேச்சு வழக்கில் காரியத்தைக் கெடுக்கிறான் என்று பொருள். தேரோட்டத்தில் அப்படி இல்லை. கட்டை போடத் தெரிந்தவர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது. அவர் தேருக்கு எதிரியும் இல்லை. எல்லோரையும் விடச் சக்கரத்துக்கு அருகில் நடப்பவர் அவர்தான். எங்கே சிறிய கட்டை போதும், எங்கே பெரிய கட்டை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கட்டையைக் கொடுத்தவுடன் கையை இழுத்துக்கொள்ளவும் தெரியும்.

மேலதிகாரியோடு பணிபுரிவதற்கு வேண்டிய பயிற்சி இதுதான் என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் பயன் தராது. எல்லாவற்றுக்கும் எதிர்த்து நிற்பதும் பயன் தராது. வந்திருக்கும் சிக்கல் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் சிக்கல்கள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். அதிகாரியின் சுபாவத்தால் வருவது முதல் வகை. வேலைப் பங்கீட்டால் வருவது இரண்டாவது. தவறான உத்தரவு மூன்றாவது. அவமதிப்பும் துன்புறுத்தலும் நான்காவது. முதல் வகைக்கு நான்காம் வகை மருந்தைக் கொடுத்தால் பள்ளி இரண்டு கட்சியாகும். நான்காம் வகைக்கு முதல் வகை மருந்தைக் கொடுத்தால் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையே பாழாகும்.

சுபாவத்தால் வரும் சிக்கல்

சிலர் சத்தமாகத்தான் பேசுவார்கள். சிலர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார்கள். சிலர் எதைச் செய்தாலும் ஒரு குறை சொல்வார்கள். சிலருக்குப் பாராட்டு என்பது வாயிலேயே வராது. இவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் பதற்றத்தில் இருப்பவர்கள்.

ஒரு தலைமையாசிரியரின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். காலை உணவு வந்துவிட்டதா, எமிஸ் வருகைப்பதிவு முடிந்ததா, சத்துணவுக்கு எத்தனை பேர், கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று எல்லாம் அவர் தலையில். அதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: மதியம் மூன்று மணிக்குள் விவரம் அனுப்பவும். தொடக்கப் பள்ளியாக இருந்தால் இவ்வளவுக்கும் மேல் அவருக்கு ஒரு வகுப்பும் இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் மாவட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மேலிருந்து இறங்கும் அவசரம் கடைசியில் நம்மிடம் கோபமாக வந்து சேர்கிறது.

வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்னும் 70-ஆவது அதிகாரம். குளிர்காய்பவர் நெருப்போடு எவ்வளவு இடைவெளி வைப்பாரோ அதை உவமையாக்கி அவர் தொடங்குகிறார். தமிழாசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்; நான் விளக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் அறையிலேயே எப்போதும் உட்கார்ந்திருப்பவரும், அந்தப் பக்கமே தலைகாட்டாதவரும் சிக்கலில் மாட்டுவார்கள். அடுத்த அதிகாரத்துக்குப் பெயர் 'குறிப்பறிதல்'. வரிசையே ஒரு பாடம்தான்.

குறிப்பறிதல் என்றால் நம் மொழியில் நேரம் பார்ப்பது. அலுவலகத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போது விடுப்பு விண்ணப்பத்தை நீட்டக் கூடாது. இறைவணக்கக் கூட்டத்துக்கு மணி அடித்தபின் நிதி பற்றிப் பேசக் கூடாது. "சார், உங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிசம் பேசணும். மதியம் மூணாவது பீரியட்ல வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனால் பாதிச் சூடு தணிந்துவிடும்.

குறை சொல்பவரிடம் பொதுவாகப் பேசுவதை விடக் குறிப்பாகக் கேட்பது நல்லது. "நீங்க எப்பவும் என்னையே குத்தம் சொல்றீங்க" என்றால் சண்டை. "சார், இந்தப் பதிவேட்டுல எந்தக் கலம் சரியில்லைன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே மாத்திடுறேன்" என்றால் வேலை. உண்மையான குறை இருந்தால் அவர் சொல்லுவார். இல்லாவிட்டால் அவருக்கே தெரிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு நல்லதுதான்.

வேலைப் பங்கீட்டால் வரும் சிக்கல்

ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர். கணினி நன்றாகத் தெரியும். அதுவே அவருக்கு வினையாயிற்று. எமிஸ் அவர் தலையில், உதவித்தொகை விவரம் அவர் தலையில், விலையில்லாப் பொருள்கள் பட்டியல் அவர் தலையில். "உனக்குத்தாம்ப்பா இதெல்லாம் சட்டுன்னு வரும்" என்று அன்பாகச் சொல்லியே எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டில் வகுப்புக்குப் போவதே குறைந்துபோனது. யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால், அவருடைய கணக்கு வகுப்புப் பிள்ளைகள்தான் நட்டப்பட்டார்கள்.

அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாளில் கட்டம் போட்டு, பள்ளியில் உள்ள பாடம் சாராத வேலைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, இப்போது யார் செய்கிறார்கள் என்று எழுதினார். யார் பெயரிலும் குற்றம் எழுதவில்லை. அதைத் தலைமையாசிரியரிடம் காட்டி, "அடுத்த ஆசிரியர் கூட்டத்துல இதை வச்சுப் பேசலாமா மேடம்? மத்தவங்களுக்கு நானே சொல்லித் தர்றேன்" என்றார். பட்டியலைப் பார்த்தபிறகுதான் அந்தத் தலைமையாசிரியருக்கே நிலைமை தெரிந்தது. மூன்று வேலைகள் வேறு மூவருக்குப் போயின. இது சிறிய கட்டை. தேர் திரும்புவதற்கு அது போதும்.

குறையோடு சேர்த்து வழியையும் கொண்டுபோனால் மேலதிகாரியின் காது திறக்கும். நம் மாவட்டத்து மண்ணிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954-இல் முதலமைச்சரானார். அவர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஏழைப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கு வர வேண்டும் என்பது முதல்வரின் விருப்பம். பணம் இல்லை என்பது அன்றைய நிலை. 'நிதி இல்லை' என்று கோப்பில் எழுதித் திருப்பி அனுப்புவது ஓர் அதிகாரிக்கு மிக எளிது. சுந்தரவடிவேலு அப்படிச் செய்யவில்லை. ஊர் மக்களின் பங்களிப்போடு மதிய உணவு தொடங்கியது; 1956 முதல் அது அரசின் திட்டமாக வளர்ந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, கட்டடம், இருக்கை, மணி, கடிகாரம் என்று ஊர் மக்களையே தங்கள் பள்ளிக்குக் கொடுக்க வைத்தார்கள். முதல்வரின் எண்ணம், இயக்குநரின் வழிமுறை, மக்களின் கை மூன்றும் சேர்ந்ததால் அது நடந்தது. காமராஜர் 'பார்க்கலாம்' என்று சொன்னால் உண்மையாகவே பார்ப்பார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிக் கேட்கும் மேலதிகாரியும், வழி சொல்லும் கீழலுவலரும் சேர்ந்து அமைவது பள்ளிகளுக்குக் கிடைக்கும் பேறு. மேலதிகாரி எப்படி அமைவார் என்பது நம் கையில் இல்லை. வழி சொல்பவராக இருப்பது நம் கையில் இருக்கிறது.

விடுப்புச் சிக்கலும் இந்த வகைதான். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு நமக்கு உண்டு. அதனால் நினைத்தபோது எடுக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். விடுப்பு என்பது கேட்டுப் பெறுவது, அனுமதிக்கு உட்பட்டது. அதே நேரம், காரணமில்லாமல் மறுப்பதும், தனக்கு வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்று நடப்பதும் நிர்வாகம் ஆகாது. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். அதை மனத்தில் வைத்து, முன்கூட்டியே தெரிகிற கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடைக்கெல்லாம் ஒரு வாரம் முன்பே சொல்லி, அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டால், மறுக்க மனம் வராது. அப்படிக் கேட்பவருக்குத்தான் திடீரென்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் சொல்லும்போது, "சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்ற பதில் கிடைக்கும்.

தவறான உத்தரவு

இனிச் சொல்வது கொஞ்சம் கடினமான பகுதி. "இன்னைக்கு வராத ரெண்டு பிள்ளைகளுக்கும் வருகை போட்ருங்க டீச்சர்." "சாப்பாட்டுக் கணக்குல நாலு கூடப் போட்டுக்கங்க சார்." "நடக்காத கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க." இப்படி வரும் சொற்கள் அதட்டலாக வருவதில்லை, சிரித்துக்கொண்டேதான் வரும். சொல்பவர் நமக்கு நல்லதும் செய்திருப்பார். அதனால்தான் இது சங்கடம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. சொல்லுக்குச் சாட்சி இல்லை, கையெழுத்துக்கு உண்டு. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அந்த வளாகத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் பள்ளிக்குப் போகிறோம். அங்கே ஒரு நாள் போய் நின்று பார்த்தால் தெரியும்: 'அவர் சொன்னார், நான் செய்தேன்' என்பது நிற்காது. பதிவேட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்னவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

அதற்காக அந்த இடத்திலேயே நியாயம் பேசிச் சத்தம் போட வேண்டாம். குரலை உயர்த்தாமல் மறுக்கலாம். "சார், பதிவேடு என் பேர்ல இருக்கு. வந்த பிள்ளைகளுக்கு மட்டும் போட்டுடுறேன். வராத பிள்ளைக வீட்டுக்குச் சாயந்தரம் நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்." இதில் மறுப்பும் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. மீண்டும் வற்புறுத்தினால், "எழுத்துல கொடுத்துருங்க சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள். தவறான உத்தரவை யாரும் எழுத்தில் தருவதில்லை. பெரும்பாலான தவறான உத்தரவுகள் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடும்.

சட்டம் நம்மோடு நிற்கும் இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 27-ஆவது பிரிவின்படி, பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகள் ஆகியவை தவிர, கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது. இதைத் தெரிந்தவர் சொல்லும் விதமே வேறாக இருக்கும். தெரியாதவர் முணுமுணுப்பார்.

குறிப்பாணை வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். முதலில், அன்று இரவே பதில் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதிய கடிதம் நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். குறிப்பாணையில் கொடுத்துள்ள கெடுவுக்குள் எழுதினால் போதும். கெடு போதாவிட்டால் கூடுதல் கால அவகாசம் கேட்டு எழுதலாம். பதிலில் தேதி, நேரம், நடந்தது மட்டும் இருக்கட்டும். 'வேண்டுமென்றே', 'பழிவாங்கும் நோக்கில்' போன்ற சொற்கள் வேண்டாம். கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில். இணைப்புகளுக்கு எண். ஒரு நகல் நமக்கு. கொடுத்ததற்கு ஒப்புகை. மேல் அலுவலகத்துக்கு எழுதுவதானால் உரிய வழியாக அனுப்புங்கள்.

17(அ), 17(ஆ) என்று கேட்டாலே பலருக்குக் கை நடுங்குகிறது. இவை தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் உள்ளவை. 17(அ) சிறு தண்டனைகளுக்கானது. அதிலும் நம் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். 17(ஆ) பெருந்தண்டனைகளுக்கானது. அதில் குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக எழுத்தில் தர வேண்டும். விசாரணையும் நடத்த வேண்டும். இரண்டிலும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அரசுப் பணியில் யாரையும் ஒரே மூச்சில் தூக்கி எறிந்துவிட முடியாது. விதிகளைப் படித்தவருக்கு இரவில் தூக்கம் வரும். இந்த விதிகளும், 1973-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளும் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

மொட்டைக் கடிதம் வேண்டாம்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேசவும் துணிவில்லாமல் பொறுக்கவும் முடியாமல் சிலர் மொட்டைக் கடிதம் போடுகிறார்கள். எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால், பள்ளியில் இருக்கும் எட்டுப் பேரும் அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். யார் எழுத்துப் பிழை இது, யார் பேச்சு இது என்று ஆராய்ச்சி நடக்கும். நல்லவர் ஒருவர் மேல் பழி விழும். குறை உண்மையானதாக இருந்தாலும் பெயரில்லாத தாளுக்கு எடை கிடையாது. பெயர் போட்டு எழுத முடியாத குற்றச்சாட்டை எழுதாமல் இருப்பதே மேல். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகப் பதிவு போடுவதும் மொட்டைக் கடிதத்தின் தம்பிதான்.

அவமதிப்பும் துன்புறுத்தலும்

நான்காவது வகைக்குப் பொறுமை மருந்தாகாது. மாணவர்கள் முன்னால் வைத்து ஆசிரியரைக் கேவலமாகப் பேசுவது, சாதியைச் சொல்லிப் பேசுவது, உடல் குறையைக் கேலி செய்வது, பெண் ஆசிரியர்களிடம் எல்லை மீறுவது ஆகியவை சுபாவக் கோளாறு அல்ல. இங்கே சிறிய கட்டை போதாது. தேரை நிறுத்த வேண்டும்.

மாணவர் முன் திட்டியவரிடம் அங்கேயே பதில் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் நடுவில் நடக்கும் சண்டையில் இருவருமே தோற்பார்கள். ஆனால், அன்று மாலைக்குள் தனியே போய்ச் சொல்ல வேண்டும்: "சார், எங்கிட்டத் தப்பு இருந்தா ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. பிள்ளைக முன்னால சொன்னா நாளைக்கு அந்த வகுப்பை நான் நடத்த முடியாது." இதைச் சொல்லாமல் விட்டால் மறுமுறை நடக்கும். சொன்ன பின்பும் நடந்தால் தேதியோடு எழுதிவைத்து, அடுத்த நிலை அலுவலருக்கு முறையாக எழுத வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சகோதரிகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இராஜஸ்தானில் பன்வாரி தேவி என்னும் பெண், அரசின் மகளிர் வளர்ச்சித் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேலை செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு இது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. அதை ஒட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் தொடர்ச்சியாக 2013-இல் சட்டம் வந்தது. எழுத்தறிவு அதிகம் இல்லாத ஒரு கிராமப் பெண் வாய் திறந்ததால் நமக்கெல்லாம் ஒரு சட்டம் கிடைத்தது.

அந்தச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் அவ்வளவு பேர் இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது. நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது. ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு டீச்சர் தயங்கித் தயங்கி உங்களிடம் சொன்னால், "விடுங்கம்மா, அவர் அப்படித்தான், அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் வாயை அடைத்துவிடும். "நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.

நாளை நாமும் தலைமையாசிரியர்

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரப் போகிறோம். இன்று நாம் யாரைப் பற்றிக் குறை சொல்கிறோமோ அவரும் ஒரு காலத்தில் பேருந்தில் இதே இருக்கையில் உட்கார்ந்து பேசியவர்தான். வள்ளுவர் கீழே இருப்பவருக்கு மட்டும் சொல்லவில்லை. 'வெருவந்த செய்யாமை' என்று 57-ஆவது அதிகாரத்தில், பிறர் அஞ்சி நடுங்கும்படி நடக்காதே என்று மேலே இருப்பவருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரம் 70-க்கு முன்னால் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

கணித மேதை இராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் நாராயண ஐயர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணக்கு எழுத வந்த ஒரு குமாஸ்தா வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மேலதிகாரி என்ன செய்வார்? குறிப்பாணை கொடுப்பார். அந்த இருவரும் அப்படிச் செய்யவில்லை. நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். கூட உட்கார்ந்து பார்த்தார். இருவரும் அவருக்காகப் பேசினார்கள். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அதன் பிறகு அவர் கேம்பிரிட்ஜ் சென்றது உங்களுக்குத் தெரியும். ஒரு கீழலுவலரிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு மேலதிகாரிக்கு ஒரு கண் வேண்டும். நம் பள்ளியில் புதிதாகச் சேரும் ஓர் ஆசிரியரிடமும், நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையிடமும் நாம் அந்தக் கண்ணோடு பார்க்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் மட்டும்தான் மேலதிகாரியிடம் சிக்கியவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடங்களிலும் வேலை பார்க்கும் பெற்றோர்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் இருப்பவர்கள். இரவுப் பணி முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப்போகும் அப்பாவுக்கும் மேலே ஒரு மேஸ்திரி இருக்கிறார். அவருக்கு 12 நாள் தற்செயல் விடுப்போ விசாரணையோ மேல்முறையீடோ நமக்கு இருப்பது போல இல்லை. தன் பிள்ளைக்காவது மரியாதையோடு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றுதான் அவர் நம்மிடம் அனுப்புகிறார். மரியாதை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? தலைமையாசிரியர் நம்மிடமும், நாம் சத்துணவு அமைப்பாளரிடமும், துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவிடமும் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பார்த்துத்தான்.

நிறைவாக, இந்த வாரம் செய்யக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, மனத்தில் கிடக்கும் ஒரு குறையை எடுத்து, அது நான்கில் எந்த வகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு, முதல் இரண்டு வகையாக இருந்தால் அதை இந்த வாரமே தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டு, ஒரு வழியோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது வகையாக இருந்தால் தேதியோடு எழுதிவையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், உரிய இடத்துக்கு எழுதுங்கள். மூன்று, எது நடந்திருந்தாலும் வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போங்கள். அலுவலக அறையில் நடந்தது வாசலுக்கு வெளியே நிற்கட்டும். உள்ளே இருக்கும் முப்பது பேருக்கும் அதில் பங்கில்லை.